பொன்னி அரிசியின் மலாயாத் தாய்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடிக்கப்படும் நல்ல விதையும் நல்ல முறையும் ஏழை விவசாயியின் வயலுக்குப் போய்ச் சேருகிறதா? சேரும்போது என்ன நடக்கிறது?

"நமக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் பாதிப்பேர் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள். தாத்தா பாட்டி பால் வெட்டினார்கள், அப்பா அம்மா ஃபேக்டரிக்குப் போனார்கள். நெல் வயலை நாம் பார்ப்பது, குரூண் தாண்டி அலோர்ஸ்டார் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத்தான். ஜெராய் மலை பின்னால் போனதும் ரப்பரும் செம்பனையும் முடிந்து, கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அதோடு சரி. ஆனால் நாம் வாழும் ஊர் பெயரிலேயே விவசாயி இருக்கிறார். 'பெட்டானி' என்றால் மலாயில் உழவர். நாம் அதைப் பட்டாணி ஆக்கிவிட்டோம், அது வேறு கதை.

சம்பந்தம் இன்னும் கிட்டத்திலும் இருக்கிறது. நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் பொன்னி அரிசி மூட்டையைப் பாருங்கள். இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பொன்னிப் புழுங்கல் கட்டாயம் இருக்கும். பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். அதனால் இது சோழ நாட்டுப் பழைய நெல் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது 1986-இல். அது 'மஹ்சூரி' என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. மஹ்சூரி மலேசியாவில் 1965-இல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட நெல். அதன் பெற்றோரில் ஒன்று 'மாயாங் எபோஸ்' என்னும் மலாய் நாட்டு நெல். இன்று நாம் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்து சாப்பிடுகிறோமே, அந்த அரிசியின் தாய்வீடு இந்த நாடு!

இந்த ஒரு நெல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்து போனாலே நம் கேள்விக்கு வேண்டிய பாடம் முழுவதும் கிடைக்கிறது. ஆகவே மற்றதை விட்டுவிட்டு இதையே பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஆசியா முழுவதும் அரிசிப் பஞ்சம். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்திருந்தார்கள். இந்தியாவின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் 1946-இல் ஒடிசாவின் கட்டாக்கில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. இராமையா, அதற்கு முன்பு கோயம்புத்தூர் நெல் ஆய்வு நிலையத்தில் பல வருடம் உழைத்தவர். அவர் பார்த்த பிரச்சினை இதுதான். நெல்லில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று 'இண்டிகா', இந்தியாவிலும் நம் பக்கத்திலும் விளைவது. உயரமாக வளரும், வெயில், பூச்சி, வெள்ளம் எல்லாம் ஓரளவு தாங்கும். ஆனால் கொஞ்சம் அதிகமாக உரம் போட்டால், கதிர் கனத்து வைக்கோல் தாங்காமல் படுத்துவிடும். இன்னொன்று 'ஜப்போனிகா', ஜப்பான், தைவான் பக்கம். குட்டையாக இருக்கும், போட்ட உரத்தை மணியாக மாற்றும். ஆனால் நம் வெப்பம் அதற்கு ஒத்துக்கொள்ளாது, ஒட்டும் சோறு நம் நாக்குக்கும் ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் கலந்தால் என்ன?

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இதை ஏற்று, 1950-களின் தொடக்கத்தில் கட்டாக்கில் கலப்பினத் திட்டத்தை ஆரம்பித்தது. ஒவ்வொரு நாடும் தன் நாட்டு நெல்லை அனுப்பும். கட்டாக்கில் கலப்பு செய்து, அந்த விதையைத் திரும்ப அந்தந்த நாட்டுக்கே அனுப்புவார்கள். அங்குள்ள மண்ணில் எது நிலைக்கிறது என்று அவரவர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இளம் விஞ்ஞானியாக 1954-இல் சில மாதம் வேலை செய்தது இந்தத் திட்டத்தில்தான். உலகம் அவரைப் பசுமைப் புரட்சிக்காரராகத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

உண்மையைச் சொன்னால் இந்தத் திட்டம் பெரிய வெற்றி அல்ல. இரண்டு குடும்பங்களும் ரொம்ப தூரத்துச் சொந்தம் என்பதால், பிறந்த பயிர்களில் பெரும்பாலானவை மலட்டுக் கதிர்கள்: உமி இருக்கும், உள்ளே மணி இருக்காது. நூற்றுக்கணக்கான கலப்புகளில் விவசாயி வரை போய்ச் சேர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தஞ்சாவூருக்கு ஆடுதுறை 27. நமக்கு 1964-இல் 'மாலிஞ்சா', 1965-இல் மஹ்சூரி. கொழும்புத் திட்டத்தின் கீழ் இங்கு வந்த ஜப்பானிய நெல் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் தேர்ந்தெடுப்பதில் முக்கியப் பங்காற்றினார்கள். தைவானின் 'தைச்சுங் 65' ஒரு பக்கம், நம் மாயாங் எபோஸ் இன்னொரு பக்கம். பிறந்த பிள்ளைக்கு லங்காவி மஹ்சூரியின் பெயர்.

மஹ்சூரி கதை கெடாவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். செய்யாத குற்றத்துக்குக் கொல்லப்பட்ட பெண், வெள்ளை இரத்தம், ஏழு தலைமுறைச் சாபம். 1821-இல் சயாம் படை கெடாவுக்குள் வந்தபோது, லங்காவி மக்கள் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று சேமித்த அரிசியைக் கொளுத்திவிட்டதாகச் சொல்லும் இடத்தை இன்றும் பாடாங் மாட்சிராட்டில் காட்டுகிறார்கள். அரிசி எரிந்த மண்ணின் நாயகி பெயரைத் தாங்கிய நெல், பின்னால் கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை.

இந்த நெல் எதற்குத் தேவைப்பட்டது? பழைய மலாய் நெல் ரகங்கள் பகல் நேரத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். எப்போது நட்டாலும் அதன் நாள் வரும் வரை காத்திருக்கும். அப்படியானால் வருஷத்துக்கு ஒரு போகம்தான். மாலிஞ்சா, மஹ்சூரிக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. நட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டு அறுக்கலாம். தண்ணீர் மட்டும் இருந்தால் இரண்டு போகம். அந்தத் தண்ணீருக்காகத்தான் பெடு, மூடா என்ற இரண்டு அணைகளையும் மலையைக் குடைந்து சுரங்கத்தையும் கட்டி, உலக வங்கிக் கடனோடு மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் நிறைவேறியது. சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் வயல். விதை இல்லாமல் அணை வீண், அணை இல்லாமல் விதை வீண். பொறியியல் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் மட்டும் கண்ணுக்குத் தெரிவதால், அதுதான் வேலை செய்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இனி மஹ்சூரி இந்தியாவுக்குப் போன கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1960-களின் கடைசியில் மஹ்சூரி விதை மலேசியாவிலிருந்து இந்திய ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போனது. அங்கே சோதித்துப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். காரணம்: பயிர் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சமயம் எல்லாரும் ஐ.ஆர்.8 பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸில் லாஸ் பானியோஸ் என்ற இடத்தில் 1960-இல் தொடங்கிய அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1966-இல் கொடுத்த குட்டை நெல் அது. 'அதிசய நெல்' என்றே பத்திரிகைகள் எழுதின. நம் நாட்டில் அதற்கு 'ரியா' என்று பெயர் சூட்டினார்கள். ஐ.ஆர்.8 பக்கத்தில் நிற்க வைத்தால், நெட்டையான மஹ்சூரி பழைய காலத்து நெல் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் ஆந்திராவில் ஆராய்ச்சி வயலில் கூலி வேலை செய்த ஒரு தொழிலாளியின் கை வழியாகக் கொஞ்சம் விதை வெளியே போய், ஒரு விவசாயியின் நிலத்தில் முளைத்தது என்று வேளாண் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலாளியின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த நிலத்திலிருந்து பக்கத்து நிலம், பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம். ஒரிசா, பீகார், உத்தரப் பிரதேசம் வரை போய்விட்டது. எந்த அதிகாரியும் சிபாரிசு செய்யாத நெல், இந்தியாவில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட ரகங்களில் ஒன்றாக ஆனது. பிறகுதான் அரசாங்கப் பட்டியல் அதைத் தேடி வந்தது.

விஞ்ஞானிகள் முட்டாள்களா? இல்லை. அவர்கள் சொன்னது உண்மைதான், மஹ்சூரி சாயும். எப்போது சாயும்? உரம் தாராளமாகப் போட்டால் சாயும். ஆராய்ச்சி நிலையத்தில் உரம் தாராளம். ஏழை விவசாயி அவ்வளவு உரத்துக்கு எங்கே போவார்? அவர் போடும் கொஞ்சம் உரத்தில் மஹ்சூரி நிமிர்ந்தே நின்றது, பழைய ரகங்களைவிட நன்றாகவும் விளைந்தது. அரிசி மெலிந்து நீண்டு இருந்ததால் சந்தையில் நல்ல விலை. சோறு ருசி. உயரமான பயிர் என்பதால் மாட்டுக்கு வைக்கோல் நிறைய. ஐ.ஆர்.8 அரிசியோ தடித்தது, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை விழுந்தது, ஆறினால் சோறு விறைத்துப்போகும். நிலையத்தின் அட்டவணையில் 'ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'மாடு என்ன தின்னும்?' என்று ஒரு கட்டம் இல்லை.

இதை நான் என் வகுப்பு நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் உடனே, "டெஸ்ட் கண்டிஷனே தப்புடா" என்றான். அவ்வளவுதான் விஷயம். ஒரு பொருளை எந்தச் சூழலில் பயன்படுத்தப் போகிறார்களோ அந்தச் சூழலில் சோதிக்க வேண்டும். லேப்பில் ஏர்கோனுக்குக் கீழே ஓடுகிற சர்க்கியூட், வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் என்று யார் சொன்னது? வேளாண் ஆராய்ச்சியில் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது. இப்போது பல நாடுகளில் விவசாயியின் சொந்த வயலிலேயே, அவர் போடும் உரத்தோடு, அவரையும் அவர் வீட்டுப் பெண்களையும் மார்க் போடச் சொல்லிச் சோதிக்கிறார்கள். வீட்டுப் பெண்களை ஏன் கேட்க வேண்டும் என்றால், நாற்று நட்டுக் களை பறிப்பதும், விதையைக் காய வைத்து எடுத்து வைப்பதும், கடைசியில் சோறு வடிப்பதும் அவர்கள்தானே.

மஹ்சூரிக்குப் பிள்ளைகள் பல. ஆந்திராவின் பாபட்லாவில் 1986-இல் வந்த பி.பி.டி. 5204, அதாவது சம்பா மஹ்சூரி, ஒரு பிள்ளை. மாருட்டேரு நிலையத்தில் உருவான 'ஸ்வர்ணா' இன்னொரு பிள்ளை. ஒடிசா, வங்காளம், பீகார் ஏழைகளின் நெல் என்றால் ஸ்வர்ணாதான். அங்கே மழைக்காலத்தில் வயல் மூழ்கும். பத்து நாள் மூழ்கினால் ஸ்வர்ணா அழுகிப் போய்விடும், அந்த வருஷம் கடன்தான். 2010 நவம்பர் வெள்ளத்தில் கெடாவிலும் பெர்லிஸிலும் வயல்கள் குளமாக நின்றதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒடிசாவின் தாழ்ந்த நிலங்களில் அது அடிக்கடி நடப்பது.

வெள்ளத்தைத் தாங்கும் நெல் ஒன்று ஒடிசாவிலேயே இருந்தது. நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த 'எஃப்.ஆர்.13ஏ'. இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் எழுந்து நிற்கும். ஆனால் விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார். சாதாரணமாகக் கலந்து பார்த்தபோது நல்ல குணத்தோடு கெட்ட குணமும் ஒட்டிக்கொண்டு வந்தது, விவசாயிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1990-களில் அமெரிக்காவில் கெனோங் ஷு, டேவிட் மெக்கில் இருவரும் அந்தத் தாங்கும் சக்தி எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பமேலா ரொனால்டும் சேர்ந்து 2006-இல் அந்த மரபணுவையே அடையாளம் காட்டினார்கள். பெயர் 'சப்1ஏ'.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சாதாரண நெல் தண்ணீருக்குள் மூழ்கியதும் பயந்து வேகமாக உயரப் பார்க்கும். சேர்த்து வைத்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து செத்துப்போகும். சப்1ஏ உள்ள நெல் உயரப் பார்க்காது. கைப்பேசி பேட்டரி குறையும்போது எல்லாவற்றையும் நிறுத்திவைத்துத் தாக்குப்பிடிக்கிறதே, அதே மாதிரி அடங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் சத்தை வைத்துத் துளிர்க்கும். யோக வகுப்பில் மூச்சை அடக்கிக் காட்டுகிறவர்களை எனக்கு ஞாபகப்படுத்தியது.

ஆராய்ச்சியாளர்கள் இந்த முறை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். புது நெல் உருவாக்கவில்லை. விவசாயிக்கு ஏற்கெனவே பிடித்த ஸ்வர்ணாவை எடுத்து, அதில் இந்த ஒரு குணத்தை மட்டும் ஏற்றினார்கள். மற்றதெல்லாம் ஏறத்தாழ பழைய ஸ்வர்ணாவேதான்: அதே ருசி, அதே அறுவடைக் காலம், அதே விவசாய முறை. ஓடுகிற பழைய காரில் ஒரு பாகம் மட்டும் மாற்றுவது போல. 'ஸ்வர்ணா-சப்1' இந்தியாவில் 2009-இல் வெளியானது. நம் மாயாங் எபோஸின் பேரப்பிள்ளைக்கு நீச்சல் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒடிசாவில் 128 கிராமங்களை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பாதிக் கிராமங்களில் சில விவசாயிகளுக்கு ஐந்து கிலோ விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். மற்றக் கிராமங்களில் கொடுக்கவில்லை. பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். வயல் பத்து நாள் மூழ்கியபோது, புதிய நெல் பழைய ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் கொடுத்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இரண்டு.

முதலாவது, வெள்ளம் வராத வருஷத்திலும் அந்த விவசாயிகளுக்குக் கூடுதலாக விளைந்தது. விதை அதே விதைதான், ஆள் மாறிவிட்டார். எல்லாம் அழுகிப்போகாது என்ற தைரியம் வந்ததும் உரம் கொஞ்சம் கூடப் போட்டார், கூட நிலத்தில் பயிரிட்டார், விதைத்துவிட்டுப் போகாமல் நாற்று நட்டார். ஏழை விவசாயி பழைய முறையை விடமாட்டேன் என்கிறார், பிற்போக்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவருக்குப் புத்தி இல்லாமல் இல்லை. ஒரு முறை தோற்றால் எழுந்திருக்க முடியாது என்பதால் ஜாக்கிரதையாக இருக்கிறார். நாமும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் இருப்போம்.

இரண்டாவது, அதிக பயன் யாருக்கு என்று பார்த்தால், தாழ்த்தப்பட்ட வகுப்பு மக்களுக்கு. ஏன்? தலைமுறை தலைமுறையாக மேட்டு நிலம் வசதியானவர்களிடம், மூழ்கும் பள்ள நிலம் இவர்களிடம். ஒதுக்கிக் கொடுக்கப்பட்ட நிலத்துக்கென்றே ஒரு நெல் வந்தது போல ஆயிற்று. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே ஒடிசாவில் நடந்த இன்னொரு ஆய்வு வேறொன்றையும் காட்டியது. விதையை ஊரில் சிலருக்குக் கொடுத்து, "நீங்களே பக்கத்தில் பரப்புங்கள்" என்று விட்டால், அது பெரும்பாலும் சொந்த சாதிக்குள்ளேயே சுற்றியது. வீடு வீடாகப் போய் விற்றபோது பல மடங்கு பேர் வாங்கினார்கள். அவர்களுக்கும் விதை வேண்டியிருந்தது. அவர்கள் வாசலுக்குத்தான் அது வரவில்லை.

ஆகவே ஆந்திரத் தொழிலாளியின் கதையை மட்டும் கேட்டுவிட்டு, நல்ல விதை தானாகப் பரவும் என்று முடிவு கட்ட முடியாது. கைமாறிப் போகும் விதை, கை நீளும் இடத்துக்குத்தான் போகும். நம் சமயம் அன்னத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறது. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு முதலில் உணர்ந்துகொள்வதே அன்னம்தான் பிரம்மம் என்று. உணவைப் பெருக்குவதும், வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் அங்கே விரதமாகச் சொல்லப்படுகிறது. பெருக்குவதையும் பகிர்வதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்த விதையைச் சாதி பார்த்துக் கொடுக்கிற ஊரில் அந்த விரதத்துக்கு என்ன பொருள் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். இது இந்தியாவில் மட்டும் உள்ள வியாதி, நமக்கில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம்.

பெருகியும் பகிரப்படாத கதைகள் இரண்டு. தஞ்சாவூர் 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் திட்டத்தின் முதல் மாவட்டங்களில் ஒன்று. ஆடுதுறை 27 அங்கே 1965 வாக்கில் வந்தது, களம் நிறைந்தது. அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளுக்கும் நில உடைமையாளர்களுக்கும் நடந்த தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொலைக்கு நெல் ரகம் காரணம் இல்லை. ஆனால் விளைச்சல் கூடினாலே ஏழையின் வயிறும் நிறையும் என்று நம்புகிறவர்கள் அந்த வருஷத்தையும் அந்த ஊரையும் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றது நம் மூடா. இரண்டு போகம் வந்ததும் முதலில் எல்லாருக்கும் நன்மை. நிலமில்லாதவருக்கும் வருஷத்தில் இரண்டு முறை நடவு, இரண்டு முறை அறுவடைக் கூலி. 1970-களின் பிற்பாதியில் பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்தன. 1980-இல் மூடா நெல்லில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இயந்திரமே அறுத்தது. அறுவடையில் கிடைத்த கூலி நின்றது. சிந்திய கதிர் பொறுக்குவதும்கூடப் போயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்காட் அந்தச் சமயத்தில் மூடா சமவெளியின் ஒரு கம்பத்தில் தங்கி, ஏழை மலாய்க்காரர்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள், எப்படிச் சத்தமில்லாமல் எதிர்த்தார்கள் என்று 1985-இல் பெரிய புத்தகமாக எழுதினார். கெடாவில் இருந்துகொண்டு அதைப் படிக்காமல் இருப்பது நமக்கு நஷ்டம்.

தோட்டத்து ஜனங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மரங்கள் பழைய மரத்தைவிடப் பல மடங்கு பால் கொடுத்தன. மரம் வெட்டியவருக்குச் சொந்தமாக இருந்த சிறு தோட்டங்களில், அந்தப் பால் குடும்பத்துக்கு வந்தது. லயத்தில் இருந்த நம் தாத்தாவுக்கு மரம் சொந்தம் இல்லை. துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். மரம் யாருடையது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? பொறியியல் படிக்கிற நம் பசங்களில் இப்போது ஆளுக்கொரு 'ஸ்மார்ட் பார்மிங்' புராஜெக்ட். மண் ஈரம் பார்க்கும் சென்சர், போனில் ஓர் ஆப். விமர்சனம் செய்யவில்லை, நல்ல முயற்சிதான். ஆனால் அதில் பல, பிரசண்டேஷன் முடிந்த அன்றே அலமாரிக்குள் போய்விடுகின்றன. புராஜெக்ட் தலைப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, கத்தரிக்காய் போடுகிற ஓர் ஆளிடம் போய் உட்கார்ந்து பேசினால், அவருக்கு வேண்டியது சென்சரா, இல்லை தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வடிகட்டியா என்று தெரிந்துவிடும். வடிகட்டிக்கு மார்க் குறைவாகக் கிடைக்கலாம். பரவாயில்லை.

சுங்கைப் பட்டாணியைச் சுற்றித் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களில், வாடகை நிலத்தில் வெண்டைக்காய், கீரை போடுகிறவர்களும், பத்துப் பதினைந்து மாடு வைத்திருக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். விவசாய இலாகாவில் அவர்களுக்கு ஆலோசனை சொல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். பாரமும் கையேடும் மலாயில் இருக்கும், கவுண்டரில் பேசக் கூச்சம் இருக்கும், நிலம் தன் பெயரில் இல்லையே என்ற பயம் இருக்கும். ஒடிசாவில் விதை வாசலுக்கு வராமல் நின்றது மாதிரிதான் இதுவும். வாரக் கடைசியில் சமய வகுப்புக்கு வருகிற நமக்கு மலாய் நன்றாகத் தெரியும், பாரம் நிரப்பத் தெரியும், மோட்டார் சைக்கிளும் இருக்கிறது.

அடுத்த வட்டக் கூட்டத்துக்கு முன்பு ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். நோட்டுப் புத்தகம் போதும். என்ன போடுகிறார்கள், விதை எங்கே வாங்குகிறார்கள், போன வருஷம் எதில் நஷ்டம், இதுவரை யாராவது வந்து ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். மாமா பேசினால் அத்தையையும் தனியாகக் கேளுங்கள், பதில் வேறாக இருக்கும். ஆலோசனை எதுவும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கேட்டதை எழுதிக்கொண்டு வாருங்கள், கூட்டத்தில் சேர்த்துப் பார்த்துவிட்டு, எந்த இலாகாவுக்கு யார் யார் போவது என்று பிரித்துக்கொள்வோம். அலோர்ஸ்டார் பக்கம் குனோங் கெரியாங் அடிவாரத்தில் இருக்கும் நெல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் சேர்ந்து போகலாம்; வழியில் குரூண் தாண்டியதும் இந்த முறை ஜன்னல் பக்கம் எனக்கு.